மொத்தச் சரக்கில் ஒரு கிடார்

எய்யா,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டபோது, "வீட்டுல தமிழ் நான் சொல்லிக் குடுக்கேன்" என்று அம்மாவிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னவன் நான். நாலு பாடத்தோடு நிறுத்திவிட்டு கோடவுனுக்கு ஓடியவனும் நானேதான். அதனால் தட்டுத்தடுமாறியாவது படி. ஏதாவது ஒரு வரி புரியவில்லை என்றால் அம்மாவிடம் கேட்காதே, அவளுக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கலாமே என்பாய். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிப் பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். நேரில் பேசலாம் என்றால் எனக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஹஃப்தா என்று மாமூல் கேட்டு வந்த தடியன், லைசென்ஸ் எங்கே என்று மிரட்டிய முனிசிபாலிட்டிக்காரன், எவனுக்கும் நான் பயந்தவன் இல்லை. தாராவியில் பழைய சாமான் வியாபாரம் செய்பவன் பயந்தால் பிழைக்க முடியாது. கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைக்குப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் படிப்பதை நிறுத்தாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போய் பிலோமி டீச்சர் வீட்டிலிருந்து அந்தக் கிடாரை எடுத்துவரப் போகிறாய். அதற்கு அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். இன்றைக்குக் காலையில் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். என்ன செய்தேன் என்று பார்க்கக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. முதலிலிருந்து வந்தால்தான் ஏன் செய்தேன் என்பது உனக்குப் புரியும். புரிந்த பிறகு என்னோடு சண்டை போடு. சண்டையை நான் தாங்கிக்கொள்வேன். நீ பேசாமல் இருந்துவிடுவாயோ என்பதுதான் பயம். நீ பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தவன் நான்.

நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே பதிமூன்றாம் காம்பவுண்டில் என் கோடவுனுக்கு வந்து, பிளாஸ்டிக் மூட்டைமேல் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்த நாட்களை நினைத்துப் பார். மற்ற பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப் போனார்கள், நீ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அதில் ஒரே பெருமை. எடை போடுவதைச் சொல்லிக்கொடுத்தேன், தாமிரத்தையும் தகரத்தையும் தட்டிப்பார்த்துச் சத்தத்தில் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, "நல்ல சரக்கு வந்தா மூஞ்சி மாறக்கூடாதுல" என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு வீட்டைக் காலி செய்கிறவர்கள் சாமான்களைக் கொட்டினால் முதலில் உடைந்த வாளியை எடுத்து விலை கேட்க வேண்டும். கண் எதன்மேல் இருக்கிறதோ அதைக் கை தொடக்கூடாது. கடைசியில், "எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிடுதேன், உங்களுக்கும் சள்ளை தீந்துரும்" என்று சொல்ல வேண்டும். நல்ல சாமான் மொத்தச் சரக்குக்குள் ஒளிந்துகொண்டு வீடு வந்து சேரும். இது திருட்டு இல்லை, எங்கள் தந்தாவில், இந்தத் தொழிலில், எல்லோரும் செய்வது. அப்படித்தான் அப்போது நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு நாள் சயானிலிருந்து ஒரு சேட் வீட்டுச் சாமான் வந்தது. நைந்த வயர்களின் நடுவில் கெட்டித் தாமிரச் சுருள் ஒன்று கிடந்தது. நான் பார்ப்பதற்கு முன்னால் நீ பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டு என்ன செய்தாய் தெரியுமா? கொட்டாவி விட்டாய். அந்தச் சின்ன வயதில், மூட்டைமேல் உட்கார்ந்து, வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி! சாமான் கொண்டுவந்த ஆள் போன பிறகு எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்று காம்பவுண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு ஃபலூடா வாங்கிக் கொடுத்தேன். இப்போது அந்த ஃபலூடாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அதன் பிறகு கிடார் வந்தது. கப்பலில் வேலை பார்த்துச் செத்துப்போன ஒருவருடைய வீட்டுச் சாமானில், மடக்குக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. வயர் மாட்டி வாசிக்கிற கிடார். பச்சையும் நீலமும் இல்லாத ஒரு அழுக்கு நிறம், மேலெல்லாம் முடிமுடியாக விரிசல், கைபடும் இடத்தில் பெயின்ட் போய் மரம் தெரிந்தது. நீ அதைத் தூக்கிக்கொண்டு கீழே வைக்கமாட்டேன் என்றாய். உன் பிறந்த நாளுக்கு ஆச்சரியப்படுத்தலாம் என்று நான் அதை எடுத்துக்கொண்டு போய் மைதீனிடம் கொடுத்தேன். டாக்ஸிக்கெல்லாம் டூக்கோ பெயின்ட் அடிக்கிற நம்ம மைதீன் பாய்தான். அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. தின்னர் ஊற்றிப் பழைய பெயின்ட்டை உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்பு டூக்கோ அடித்து, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டுக் கொடுத்தார். "அண்ணாச்சி, ஷோரூமுலேர்ந்து எறக்குன மாதிரி இருக்கா?" என்று கேட்டார். பழைய சாமானைப் புதுசாக்கிக் காட்டுவதுதானே நமக்குத் தெரிந்த ஒரே பாசம். நீயும் துள்ளிக் குதித்தாய். நாம் குடியிருந்த லேபர் கேம்ப் தெரு முழுக்க அந்தச் சிவப்புக் கிடாரோடு சுற்றினாய்.

காலேஜில் படிக்கும்போது கம்பி மாற்ற யாரோ ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனாய். அவர் முன்பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். மைதீனின் உப்புத்தாள் எட்டாத ஒரு மூலையில் நகத்தளவு பழைய நிறம் மிச்சம் இருந்திருக்கிறது. நல்ல வெளிர்நீலம். அன்று நீ வீட்டுக்கு வந்து நின்ற நிலை இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. "அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று மட்டும்தான் கேட்டாய். அந்தக் கிடாரைச் செய்த அமெரிக்கக் கம்பெனி அந்தக் காலத்தில் எல்லாக் கிடாருக்கும் ஒரே மாதிரி பழுப்பு நிறம்தான் அடித்துக்கொண்டிருந்ததாம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் கார் பெயின்ட்டில் கேட்ட நிறத்தில் அடித்துக் கொடுப்பார்களாம், அப்படிக் கேட்டு வாங்கியவர்கள் ரொம்பக் கொஞ்சமாம். மேலே அடித்த வார்னிஷ் வருஷக்கணக்கில் மஞ்சளாகி நீலம் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. விரிசலோடும் அழுக்கோடும் அப்படியே விட்டிருந்தால் அதற்கு இருந்த மதிப்பே வேறாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. ஆனி ஆரம்பித்து மழை விடும்வரை நீ என்னோடு பேசவில்லை. சோறுகூட அம்மாவிடம்தான் கேட்டாய்.

அதற்குப் பிறகுதான் நீ தேட ஆரம்பித்தாய். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கினாய், வண்டி வாங்கவில்லை, கிடார் வாங்கினாய். ஹோட்டல் பேண்டில் வாசித்தவர்கள், கப்பல்காரர்கள், அவர்களுடைய விதவைகள், பேரப்பிள்ளைகள் என்று பம்பாய் முழுக்க ஒவ்வொரு வீடாகப் போனாய். கம்பெனியில் அடித்த நிறம் அப்படியே இருக்க வேண்டும், மேலே கை வைத்திருக்கக்கூடாது, அது ஒன்றுதான் உனக்குக் கணக்கு. திலக் நகரில் உன் வாடகை வீட்டில் அவற்றுக்கு ஒரு அறை. உன் அம்மா இங்கே நம்ம வீட்டு அடுப்படியில் வேர்த்து ஒழுகுகிறாள், அந்த மரக்கட்டைகளுக்கு நாள் முழுக்க ஏசி ஓடுகிறது. அவள் பினாயில் துணியோடு அந்த அறைக்குள் போனபோது நீ வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாயே, அன்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து நான் சிரிக்கவில்லை. நீ அவற்றை விற்பதுமில்லை, ஊருக்குக் காட்டுவதுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறாய். பணத்துக்காகச் செய்கிறாய் என்றால் எனக்குப் புரியும், பணத்தாசைக்கு ஒரு அளவு வந்து நின்றுவிடும். உன்னுடையது எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. நான் உரித்துப் போட்ட அந்த ஒரு நிறத்துக்குப் பதிலாகத்தான் இத்தனையையும் சேர்க்கிறாயோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கூப்பிட்டாய். செம்பூரில் ஒரு பழைய சொசைட்டிக் கட்டிடம் இடித்துக் கட்ட ரிடெவலப்மென்ட்டுக்குப் போகிறது, பில்டர் எல்லோரையும் காலி பண்ணச் சொல்லிவிட்டான், அங்கே ஒரு தமிழ் அம்மாவிடம் புருஷனுடைய பழைய கிடார் இருக்கிறது, பங்கார் எடுக்கிற நம்ம பழைய சாமான்காரர் ஒருவர் தகவல் சொன்னார் என்றாய். நான் எதற்கு என்று கேட்டேன். "சும்மா வாங்கப்பா. பெரியவங்க கூட இருந்தா நம்பி உள்ள விடுவாங்க" என்றாய். எனக்கு ஒரே சந்தோஷம்! பிள்ளை என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகிறானே என்று, கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். நீ சொன்னது என்ன என்று அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை.

பிலோமி டீச்சரை உனக்கு ஆன்ட்டியாகத்தான் தெரியும். எனக்கு அந்த அம்மா வாயைத் திறந்ததுமே தூத்துக்குடி என்று தெரிந்துவிட்டது. கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு முதலில் உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கதவைத் திறந்தார். "வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. எந்தூரு?" என்று என்னிடம்தான் கேட்டார். ஊர் பேச்சு வந்துவிட்டது, டீ வந்துவிட்டது. அவர் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்துபோன புருஷன் பெரிய ஹோட்டலில் பேண்டில் வாசித்தவர். பிள்ளைகள் கிடையாது. வீட்டைக் காலி செய்துவிட்டுத் தூத்துக்குடியில் தங்கை மகள் வீட்டுக்குப் போகப்போகிறார். "அங்க ஒரு மூலையில படுத்துக்கிட வேண்டியதுதான் அண்ணாச்சி. யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது, அதான் யோசனையா இருக்கு" என்றார். நீ தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாய்.

பிறகு கிடாரை எடுத்துவந்தார். தலையணை உறையில் போட்டு வைத்திருந்தார். வெள்ளைத் துணியில் நாவல்பழச் சாறு பட்டு, துவைத்த பிறகும் நிற்குமே ஒரு கறை, அப்படி ஒரு நிறம், உள்ளே பொடியாக மினுங்கியது. "இந்தக் கலரு எனக்குப் பிடிக்கவே செய்யாது. கறுப்புல வாங்கியிருக்கலாம்லான்னு அவுககிட்ட சண்டை போட்டிருக்கேன்" என்று சிரித்தார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. நீ கிடாரைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் கிடந்த உடைந்த ஸ்பீக்கரை எடுத்து, "இது வேலை செய்யுதா ஆன்ட்டி?" என்று கேட்டாய். எனக்கு உடைந்த வாளி ஞாபகம் வந்தது. அப்புறம் ஏதோ போகிற போக்கில் செய்கிற மாதிரி, "வயரு இருக்கான்னு பாக்கேன்" என்று சொல்லிச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் தகட்டைக் கழற்றினாய், டார்ச் அடித்தாய், மோந்து பார்த்தாய், மூடினாய். மூடிவிட்டுக் கொட்டாவி விட்டாய்.

"கலர் மங்கிருச்சு ஆன்ட்டி. கழுத்துகிட்ட பெயின்ட் உரிஞ்சிருக்கு. இப்ப இதை வச்சு யாரும் வாசிக்கமாட்டாங்க" என்றாய். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒரு பொய்கூட இல்லை, அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. நானாவது வாய்கூசாமல் ரெண்டு பொய் சொல்லுவேன், மாட்டிக்கொள்ளுவேன். "ஸ்பீக்கர், ஸ்டாண்டு, கிடாரு எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக்கிடுதேன், உங்களுக்கும் வீடு காலியாகும்" என்று முடித்தாய். என் வார்த்தை, என் குரல், என் இழுப்பு. டீச்சர் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, குடுத்துரலாம்லா?" என்று கேட்டார். உன்னிடம் கேட்கவில்லை எய்யா, என்னிடம் கேட்டார். நான் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "ஒங்க இஷ்டம் டீச்சர்" என்றேன். மூட்டை கட்டி முடித்ததும், வருகிற இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நீ பேசவில்லை. திரும்பியதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். "அப்பா! ஒரிஜினல்ப்பா! ஒருத்தன் கைபடல. உலகத்துலயே கொஞ்சம்தான் இருக்கு இந்தக் கலரு, நான் படத்துலதான் பாத்திருக்கேன்" என்று சொல்லும்போது உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக உன்னை நான் பார்த்ததில்லை. விலை என்ன இருக்கும் என்று கேட்டேன். சொன்னாய். அந்தப் பணத்துக்கு டீச்சர் தூத்துக்குடியில் சொந்தமாக வீடு வாங்கி, தங்கை மகளையே அங்கே வரச்சொல்லி உட்கார்ந்திருக்கலாம். "அந்தம்மாகிட்ட சொல்லிருக்கலாம்லா?" என்று மெதுவாகக் கேட்டேன். "சொன்னா என்னால வாங்க முடியாதுல்லப்பா" என்றாய். சண்டைக்குச் சொல்லவில்லை, குழந்தைக்கு விளக்குகிற மாதிரி சொன்னாய். "டென்ஷன் எடுக்காதீங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதான?" என்று என் தொடையைத் தட்டினாய்.

வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா சுகர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பாகற்காயாகப் பொங்கிப் போட்டாள். எனக்கு என்ன பயம் என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். போலீஸ் வராது, கேஸ் வராது, டீச்சருக்கு ஒரு காலமும் தெரியாது. எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொட்டாவி விட்ட முகத்தையும் ஆட்டோவில் அழுத முகத்தையும் என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. ஒரு தெருமுனைக்குள் எப்படி எய்யா மாற்றினாய்? எது உன் முகம்?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பத்தாவது படிக்கும்போது அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. உன்னிடம் காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டியில் கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட்டை டாக்டர் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டுச் சொன்னார், பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி என்று. எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. வெளியே வந்தேன். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். வராண்டா முழுக்க ஆட்கள். பழக்க தோஷம், முகத்தைச் சரிசெய்துகொண்டு நடந்து போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கிட்டே போய் வாயைத் திறப்பதற்குள், "பிள்ளைய நல்லா பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் எத்தனை தரம் சொல்லியும் அவள் நம்பவில்லை. டாக்டரையே கூப்பிட்டுச் சொல்லவைக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போது, "ஒங்க மூஞ்சிய வச்சி ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலீங்க. இத்தன வருசமா ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாபாரத்துக்கு என்று ஒரு முகம் வைத்துக்கொண்டால் அது கடையோடு நிற்கும் என்று நினைத்தேன். நிற்காது எய்யா, வீட்டுக்கும் வரும். அடுத்த மாதம் உன்னை நம்பி ஒரு பெண்பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறது. அது ஒரு நாள் உன் முகத்தைப் பார்த்து, இந்த ஆள் என்ன நினைக்கிறான் என்று தெரியாமல் பயந்து உட்கார்ந்திருக்கும். நாளைக்கு எனக்கே ஒன்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால், நீ டாக்டரிடம் பேசிவிட்டு வந்து என் கட்டிலருகே நிற்பாய். நீ சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாகத்தான் இருக்கும். நான் அதிலிருந்து எதைத் தெரிந்துகொள்வேன்?

இதையெல்லாம் யோசித்து யோசித்து, இன்று காலையில் கோடவுனுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு செம்பூர் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய், சொல்லாவிட்டால் நீ வேறொருவனாகப் போய்விடுவாய். இந்த இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாமல் நடந்தேன். திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன், சொல்லுவதற்கு என்ன வெட்கம். கடைசியில் டீச்சர் வீட்டு மணியை அடித்தேன்.

"வாங்க அண்ணாச்சி, தம்பி வரலையா?" என்று கம்பிக் கதவை உடனே திறந்தார். வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியிருந்தது. நான் உட்காரவில்லை.

"டீச்சர், அந்தக் கிடாரு மொத்தச் சரக்குல போடுத சாமான் இல்ல. அந்தக் கலருக்குன்னே தனி வெல இருக்கு. பெரிய வெல."

அவர் அந்தத் தலையணை உறையைப் பார்த்தார். "தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கே தெரியுமா?"

"பாத்த ஒடனே தெரியும் டீச்சர்."

"ஒங்களுக்கு?"

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் உண்மைதானே, உன்னை மாதிரி நானும் ஒரு உண்மையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். "சாமான் என்னன்னு எனக்குத் தெரியாது டீச்சர். ஆனா அவன் மூஞ்சி எனக்குத் தெரியும்" என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலை. "தனியா ஒரு ஆம்பளப் பையன் வந்தா நான் கம்பிக்கு வெளியவே நிக்க வச்சுப் பேசி அனுப்பிருவேன் அண்ணாச்சி. ஒங்களப் பாத்துத்தான் கதவத் தொறந்தேன். ஒங்ககிட்டதான் குடுத்துரலாமான்னு கேட்டேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். டீ வேண்டுமா என்றுகூட அவர் கேட்கவில்லை.

நான் செருப்பை மாட்டும்போது வாசல்வரை வந்தார். "தம்பிய ஞாயித்துக்கெழம வரச்சொல்லுங்க. அந்தக் கலரு என்ன, வெல என்ன, எல்லாத்தையும் அவரு வாயால எனக்குச் சொல்லட்டும். அதுக்கப்புறம் குடுக்கதா வேண்டாமான்னு நான் சொல்லுதேன். அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தி, "நீங்க வரவேண்டாம் அண்ணாச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டார்.

இதுதான் நான் செய்தது. கிடார் உனக்குக் கிடைக்காமல் போகலாம், பெரும்பாலும் கிடைக்காது. உனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு நிறத்தை அப்பா இரண்டாம் தடவையும் கெடுத்துவிட்டார் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். அடுத்த மழைக்காலம் முழுக்க வேண்டுமானாலும் பேசாதே, அம்மாவிடமே சோறு கேள், கல்யாணப் பந்தலில் என்னைப் பார்க்காமல் மாலை மாற்று. எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதிவிட்டேன். நீ போய் அந்த அம்மா முன்னால் உட்கார். ஆட்டோவில் என்னிடம் சொன்ன மாதிரியே, கண்ணில் தண்ணீர் வந்தாலும் பரவாயில்லை, அந்த நிறத்தைப் பற்றி அவரிடம் சொல். அவர் புருஷன் எப்படிப்பட்ட பொருளை அந்த வீட்டில் வைத்துவிட்டுப் போனார் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அதை ஆசையோடு எடுத்துச் சொல்ல இந்தப் பம்பாயில் உன்னைவிட்டால் ஆள் கிடையாது.

உனக்கு முன்னால் நிற்க இந்தத் தடவை நான் இருக்க மாட்டேன். கம்பிக்கு வெளியேதான் உன்னை நிறுத்துவார், கொஞ்ச நேரம் நில். எனக்கு இப்போது இருக்கிற பயமெல்லாம் ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை நீ போகாமல் இருந்துவிடாதே.

உன் அப்பா